வலங்கைமான் தந்த ஆங்கில வல்லுநர்

ஆங்கிலம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர்வுக் கூடம்தான். கோடிட்ட இடங்களை நிரப்புக, செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குக, கீழ்க்காணும் மரபுத்தொடர்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக என்று வரிசையாக வந்த வினாக்களை நாம் மறந்திருக்க மாட்டோம். பதினேழு வயதில் அந்தத் தேர்வோடு ஆங்கிலத்துக்கும் நமக்கும் உள்ள உறவு தீர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால் தமிழகத்தின் எல்லையைத் தாண்டி இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த அன்றே அந்த மகிழ்ச்சி பறந்து போயிற்று. வகுப்பில் கேள்வி கேட்கவும் ஆய்வுக் கட்டுரை எழுதவும் பக்கத்து அறை நண்பனோடு உரையாடவும் ஆங்கிலமே நமக்குத் துணை. அந்தத் துணை சரியாக வாய்க்காதவர் ஊமைபோல் இருந்துவிடுகிறார்.

இந்தக் குறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவருடைய வாழ்க்கை நினைவுக்கு வரும். காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்தவர் அவர். தமிழே பேசி வளர்ந்த அந்தப் பிள்ளை, பிற்காலத்தில் ஆங்கிலேயரே வியக்கும்படி ஆங்கிலம் பேசினார். உலகம் அவரை வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று போற்றியது. மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரே அவர். அவர் வாழ்க்கையில் நாம் பின்பற்ற வேண்டியவை பல உண்டு. ஆராய்ந்து பார்த்து ஐயுற வேண்டியவையும் சில உண்டு. இரண்டையும் இங்கே ஒருங்கே வைத்துக் காண முயல்கிறேன்.

இளமையும் கல்வியும்

கும்பகோணத்துக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ளது வலங்கைமான். அன்று தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சாஸ்திரியார் பிறந்தார். அதற்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 2-ஆம் நாள், தொலைவில் போர்பந்தரில் காந்தியடிகள் பிறந்தார். இந்தப் பத்து நாள் மூப்பைக் கொண்டே காந்தியடிகள் பின்னாளில் சாஸ்திரியாரைத் தம் அண்ணனாகக் கொண்டாடினார். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்த காலத்திலும் அந்த உறவு குறையவில்லை.

சாஸ்திரியார் பிறந்த காலம் ஆங்கிலக் கல்வி வேரூன்றிய காலம். 1835-இல் மெக்காலேயின் குறிப்பு ஆங்கிலக் கல்விக்கு வழி திறந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் மெட்ரிகுலேசன் தேர்வே அரசாங்க உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் வாயிற்படியாக இருந்தது. அத்தேர்வில் ஆங்கிலத்தில் தவறினால் மற்றப் பாடங்களில் எவ்வளவு தேர்ந்தவராயினும் மேலே செல்ல வழியில்லை. ஆங்கில இலக்கணமும் சொற்பொருளும் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கும் அணைவதற்கும் காரணமாக இருந்த காலம் அது. அந்தப் பள்ளிகளின் வாயிலை அணுகவும் முடியாத மக்கள் அன்று மிகப் பலர் என்பதையும் மறந்துவிடலாகாது. சாஸ்திரியார் ஏழையே, ஆயினும் படிப்பு என்பது இன்னது என்று அறிந்த குடும்பத்தில் பிறந்தவர்.

கும்பகோணம் நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியில் படித்து மெட்ரிகுலேசன் தேறினார். பிறகு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரிக்குத் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று அன்று பெயர் வழங்கிற்று. 1888-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆங்கிலத்திலும் வடமொழியிலும் முதல் வகுப்பில் தேறினார்.

இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்து வந்தது தற்செயல் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. வேதம் ஓதும் இல்லங்களில் உச்சரிப்புப் பிழையைச் சிறு பிழையாகக் கருதமாட்டார்கள். ஓர் எழுத்து நீண்டாலும் குறைந்தாலும், ஓசை ஏறினாலும் இறங்கினாலும் ஆசிரியர் அங்கேயே நிறுத்திவிடுவார். அத்தகைய சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு மொழியைக் கற்பது என்றால் முதலில் அதைச் செவியால் கற்பது என்ற எண்ணம் இயல்பாகவே அமைந்திருக்கும். நாமோ ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டுமே கற்றோம். அதனால்தான் எழுத்தில் தெரிந்த சொல் நாவில் வரும்போது நம்மைக் கைவிடுகிறது. தோ, த்ரூ, காஃப் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. ஒலிப்பதோ மூன்று விதம். இதைக் கண் எப்படிச் சொல்லித் தரும்?

அதே கல்லூரி, வேறொரு மாணவர்

இங்கே சற்று நின்று, அதே கல்லூரியில் பின்னர் நடந்த ஒன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சாஸ்திரியார் பட்டம் பெற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1904-இல், உதவித்தொகை பெற்று ஒரு மாணவர் அங்கே எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தில் அவருக்கு இணை அங்கு எவருமில்லை. ஆனால் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் அவர் தவறினார். உதவித்தொகை போயிற்று; கல்லூரிப் படிப்பும் நின்றது. பின்னர்ச் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார், அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. அவரே கணித மேதை சீனிவாச இராமானுசன்.

ஒரே கல்லூரி. ஒருவருக்கு ஆங்கிலம் ஏணியாயிற்று, மற்றவருக்குச் சுவராயிற்று. அறிவியல் மாணவர்களாகிய நாம் இதை எளிதில் கடந்து செல்ல முடியாது. ஆங்கிலம் தெரிந்தவர் அறிவாளி, தெரியாதவர் அறிவிலி என்று எண்ணுவது எத்தனை பெரிய மடமை என்பதற்கு இராமானுசன் சான்று. ஆயினும் அவரும் 1913-இல் தம் கண்டுபிடிப்புகளை ஆங்கிலத்தில் கடிதமாக எழுதி அனுப்பிய பின்னரே கேம்பிரிட்ஜின் கதவு திறந்தது. சுவரை வெறுப்பது நியாயம். ஆனால் வெறுத்ததனால் மட்டும் சுவர் விழுந்துவிடுவதில்லை. அதில் ஒரு வாயிலை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆசிரியராக

பட்டம் பெற்ற சாஸ்திரியார் அக்காலத்துப் பட்டதாரிகள் பலரைப்போல் வக்கீல் தொழிலையோ அரசாங்க உத்தியோகத்தையோ நாடவில்லை. மாயவரம் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். பிறகு சேலத்திலும், சென்னைப் பச்சையப்பன் நிறுவனத்திலும் பணியாற்றினார். 1894-இல், இருபத்தைந்தாம் வயதில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். நம்மில் பலர் முதுநிலைப் பட்டத்தை முடித்து அடுத்து என்ன செய்வது என்று திகைக்கும் வயது அது.

ஆங்கிலம் கற்பிப்பதில் அவர் பெற்ற புகழ் சென்னை முழுவதும் பரவிற்று. ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தம் தொழிலின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று கருதி, சென்னை ஆசிரியர் சங்கம் உருவாவதற்கும் துணை நின்றார். 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். சென்னைவாசிகள் டி.யு.சி.எஸ். என்று அழைக்கும் சங்கம் அதுவே. அந்நிய மொழியின் நுட்பங்களில் ஆழ்ந்த ஒருவர், அண்டை வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்றும் கவலைப்பட்டார். இலக்கணம் அறிந்தவர்கள் உலகம் அறியாதவர்கள் என்ற பழி அவருக்குப் பொருந்தாது.

அவர் ஆசிரியத் தொழிலில் இருந்த ஆண்டுகளில்தான் நெஸ்பீல்டின் ஆங்கில இலக்கண நூல்கள் இந்தியப் பள்ளிகளில் பரவின. நம் அண்ணன்மாரும் நாமும் புரட்டிய ரென் - மார்ட்டின் நூல் 1930-களில் வந்தது. இந்த நூல்களால் நாடு அடைந்த நன்மை பெரிது. ஆயினும் இவற்றை மனப்பாடம் செய்தவர் எல்லாரும் ஆங்கிலம் வல்லவர் ஆகிவிடவில்லை. ஏன்?

காரணம் எளியது. விதி ஆங்கிலத்துக்கு உரியது. அதைக் கற்கும் மனமோ தமிழில் ஊறியது. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். தமிழில் உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொற்கள் பெயருக்கு முன்னே நிற்கும். வீட்டில், அறையில், தொலைபேசியில் என்று மூன்று இடத்திலும் இல் என்ற ஒரே உருபு நமக்குப் போதும். ஆங்கிலத்திலோ அட் ஹோம், இன் தி ரூம், ஆன் தி போன் என்று மூன்று வெவ்வேறு சொற்கள் வேண்டும். தி என்ற சுட்டுச் சொல்லுக்கு நேரான சொல்லே நம்மிடம் இல்லை. அதனால் அதை வேண்டாத இடத்தில் இட்டு, வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம். ஒன்றைப் பற்றி விவாதித்தோம் என்று நாம் சொல்வதனால் டிஸ்கஸ் என்ற சொல்லின் பின்னே அபௌட் என்பதைச் சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது மிகை.

மரபுத்தொடர்களின் சங்கடம் இன்னும் பெரிது. ஆங்கிலேயர் ஒருவன் வாளியை உதைத்தான் என்றால் அவன் இறந்தான் என்று பொருள். இதைக் கேட்டு நகைக்கும் நாம், மண்டையைப் போட்டான் என்று சொல்லும்போது நகைப்பதில்லை. அது நம் வீட்டுச் சொல். மரபுத்தொடரைப் பட்டியலிட்டு நெட்டுருச் செய்யலாம். தேர்வில் மதிப்பெண்ணும் பெறலாம். ஆனால் அது எந்த இடத்தில், எவரிடத்தில், எந்தக் குரலில் வரும் என்பதைப் பட்டியல் சொல்லித் தராது. துக்க வீட்டில் போய் மண்டையைப் போட்டார் என்று எவரேனும் சொல்வாரா? அந்த நயம் பெரியோரின் உரைநடையை நெடுங்காலம் படித்தும் நல்ல பேச்சைக் கேட்டும் வருவது.

சாஸ்திரியாரின் பேச்சைக் கேட்டவர்கள் அதில் கண்ட சிறப்பு இதுதான். அவர் கடினமான சொற்களை அடுக்கி மருட்டியவர் அல்லர். இடமறிந்து ஒரு சொல்லை வைத்தார்; வைத்த சொல்லைத் தெளிவாக ஒலித்தார். உரத்த குரலோ மேசையைத் தட்டும் வீராவேசமோ அவரிடம் இல்லை. ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த புலவர்களும் இலண்டனில் ஆண்ட அமைச்சர்களும் இதையே வியந்தனர். தேர்வுக்குச் சொற்களைச் சேர்க்கும் நாம், சேர்த்தலைவிடத் தேர்தலே பெரிது என்பதை அவரிடம் கற்க வேண்டும்.

பொது வாழ்வு

பூனாவில் கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்பவர் தம் சொந்த ஊதியத்தை மறந்து, சிறு படியைப் பெற்றுக்கொண்டு நாட்டுக்கு உழைக்க வேண்டும். 1907-இல் சாஸ்திரியார் அதில் சேர்ந்தார். பெயரும் நிலையான வருவாயும் தந்த தலைமையாசிரியர் பதவியைத் துறந்தார். 1915-இல் கோகலே மறைந்தபோது, மராட்டியத் தலைவர்கள் நிறைந்த அந்தச் சங்கம் இந்தத் தமிழரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது இனிமையான செய்தி. அவர் 1927 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1913-இல் சென்னைச் சட்டசபையிலும் 1916-இல் தலைநகரில் இருந்த இந்தியச் சட்டசபையிலும் இடம் பெற்றார். விசாரணையின்றிச் சிறையிட வழி செய்த ரௌலட் மசோதா 1919-இல் வந்தபோது அவர் நிகழ்த்திய எதிர்ப்புரை நாடெங்கும் எதிரொலித்தது. மிதவாதி என்று பெயர் பெற்றவரின் வாயிலிருந்து வந்ததால் அவ்வுரையின் வலிமை இரட்டிப்பாயிற்று. காந்தியடிகளும் அதைப் போற்றினார்.

ஆயினும் ஒத்துழையாமையை அவர் ஏற்கவில்லை. சட்டத்தின் வழியாகவும் வாதத்தின் வழியாகவும் உரிமை பெறலாம் என்று நம்பினார். இந்த நம்பிக்கையோடு 1921-இல் இலண்டன் பேரரசு மாநாட்டுக்குச் சென்றார். குடியேற்ற நாடுகளில் சட்டப்படி வாழும் இந்தியருக்குச் சம குடியுரிமை வேண்டும் என்ற கொள்கையை அம்மாநாடு ஏற்கும்படி செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் விலகி நின்றது. அதே ஆண்டு ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும், பின்னர் வாஷிங்டன் கடற்படை மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் பேசினார். மகாகனம் என்ற அடைமொழியைத் தந்த பிரிவி கௌன்சில் உறுப்பினர் பதவியும் இலண்டன் மாநகரின் கௌரவக் குடியுரிமையும் அவ்வாண்டே வந்தன. 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளைச் சுற்றி அங்கு வாழ்ந்த இந்தியருக்காக வாதாடினார். பட்டங்களுக்கு மயங்கியவர் என்றும் சொல்ல முடியாது. 1928-இல் தமக்கு அளிக்கப்பட்ட சர் பட்டத்தை மறுத்தார்.

நாவின் எல்லை

இனி வருவதே அவர் வாழ்க்கையில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம். 1923-இல் கென்யாவில் குடியேறிய இந்தியரின் உரிமையைப் பற்றிய வழக்கு இலண்டனுக்கு வந்தது. மலைச் சாரலில் உள்ள வளமான நிலங்கள் வெள்ளையருக்கே என்று ஒதுக்கப்பட்டிருந்தன. சாஸ்திரியார் தூதுக்குழுவின் தலைவராகச் சென்று வாதாடினார். அவருடைய ஆங்கிலத்தில் எவரும் குறை காண முடியாது. நியாயத்திலும் குறை இல்லை. ஆனால் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை மலை நிலங்களை வெள்ளையருக்கே உறுதி செய்தது. சட்டசபையில் ஐரோப்பியருக்குப் பதினோரு இடங்களும், எண்ணிக்கையில் மிகுந்த இந்தியருக்கு ஐந்து இடங்களும் என்று தனித் தொகுதி வகுத்தது. ஆட்சியாளரின் நேர்மையை நம்பிய சாஸ்திரியாரின் உள்ளத்தில் அது ஆறாத புண்ணாயிற்று.

ஆங்கிலேயரைப்போல் ஆங்கிலம் பேசினால் ஆங்கிலேயர் நம்மைச் சமமாக நடத்துவர் என்று ஒரு தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையை அளந்து பார்க்க சாஸ்திரியாரைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. அவரால் முடியாதது வேறு எவரால் முடியும்? மொழி நம்மைப் பேச்சு மேசைக்கு அழைத்துச் செல்லும். மேசையில் இருப்பவர் நியாயம் வழங்குவாரா என்பது மொழியின் கையில் இல்லை. அதற்கு மக்கள் வலிமை வேண்டும். அந்த வலிமையைத் திரட்டிய வழி காந்தியடிகளின் வழி. இன்றும் வேலைக்கான நேர்காணலில் நுனிநாக்கு ஆங்கிலம் எல்லாவற்றையும் பெற்றுத் தரும் என்று நம்மிடம் சொல்பவர்கள் இந்தக் கென்யாக் கதையைப் படிக்க வேண்டும்.

டர்பன் நகரத்துப் பள்ளி

ஆனால் சாஸ்திரியாரின் கதை அந்த ஏமாற்றத்தோடு முடிந்துவிடவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் அதில் இருந்தனர். அவர்களுக்குப் பின்னும் ஆண்டுதோறும் பல கப்பல்கள் சென்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் வந்தும் அங்கே இந்தியருக்கு நல்ல உயர்நிலைக் கல்வி எட்டாக் கனியாகவே இருந்தது. 1927-இல் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கேப்டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக அங்கே சென்று தங்கியவர் சாஸ்திரியார்.

அங்கே அவர் வெள்ளையரின் மன்றங்களிலும் மாதா கோயில்களிலும் பேசினார். கூலி என்று இகழப்பட்ட இனத்திலிருந்து வந்த ஒருவர் தங்களைவிட நன்றாகத் தங்கள் மொழியைப் பேசக் கேட்டு அவர்கள் திகைத்தனர். எதிர்ப்பும் இருந்தது, கிளெர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் 1928-இல் அவர் பேசிய கூட்டத்தில் வெள்ளையர் சிலர் கலகம் செய்தனர். ஆனால் அவர் தம் நாவன்மையைக் கைதட்டல் பெறுவதோடு நிறுத்தவில்லை. அங்கு வாழ்ந்த இந்தியரிடமே நிதி திரட்டி, டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியப் பயிற்சிக்கூடமும் அமைய வழி செய்தார். 1929-இல் திறக்கப்பட்ட அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். 1936 முதல், வெள்ளையரல்லாத மாணவர்களுக்கான பல்கலைக்கழக வகுப்புகளும் அந்தக் கட்டடத்திலேயே நடந்தன.

இலண்டன் மாநாட்டுத் தீர்மானத்தை இன்று எவர் நினைவில் வைத்திருக்கிறார்? கரும்பு வெட்டியவரின் பேரன் மருத்துவனாகவும் ஆசிரியனாகவும் ஆவதற்குப் படியாக அமைந்த பள்ளியை மக்கள் மறக்கவில்லை. தமக்கு ஏணியாக வாய்த்த ஒன்றை, ஏணியே இல்லாதவர்களுக்குக் கொண்டுபோய்ச் சார்த்தினார் அவர். ஒரு பள்ளியாசிரியர் தம் மொழிப் புலமைக்குச் செலுத்திய நன்றி இதைவிட உயர்ந்ததாக இருக்க முடியாது.

இறுதிக் காலமும் ஒரு சர்ச்சையும்

வட்டமேசை மாநாடுகளிலும், 1931-இல் காந்தி - இர்வின் உடன்படிக்கைக்கான சமரசப் பேச்சிலும் சாஸ்திரியார் பங்கு கொண்டார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். இடையில் மலேயாவுக்குச் சென்று தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1937-இல் அறிக்கை அளித்தார். அது தொழிலாளரின் துயரத்தை மென்மையாகவே சொல்கிறது என்று அந்நாளில் பலர் குறை கூறினர். இனிய சொல்லுக்குப் பழகிய நா, கடிய உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்திலும் இனித்துவிடுமோ என்ற கேள்வி இங்கே எழாமல் இல்லை.

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு நேராகத் தொடர்புள்ள மற்றொன்றும் உண்டு. பள்ளிகளில் தாய்மொழி வழியாக அறிவியல் கற்பிக்கக் கலைச்சொற்கள் வேண்டியிருந்தன. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1930-களிலேயே தமிழில் கலைச்சொற்களைத் தொகுத்திருந்தனர். 1940-இல் சென்னை அரசாங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்துச் சாஸ்திரியாரைத் தலைவராக்கியது. வடமொழிச் சார்புடைய சொற்களே மேலோங்கும் என்று அஞ்சிய தமிழறிஞர்கள் வன்மையாக எதிர்த்தனர். தமிழ் தன் வேர்ச்சொற்களிலிருந்தே வேண்டிய சொற்களை ஆக்கிக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். பின்வந்த காலம் அவர்கள் பக்கமே சாய்ந்தது. நாம் பள்ளியில் படித்த ஈர்ப்பு விசை, ஒளிச்சேர்க்கை, மின்னோட்டம் முதலிய சொற்கள் அதற்குச் சான்று. ஆங்கிலத்தின் மரபை அவ்வளவு நுட்பமாக உணர்ந்த பெரியார், தமிழின் மரபு தன் சொல்லைத் தானே ஈன வல்லது என்பதற்கு இன்னும் சற்றுச் செவி சாய்த்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு மொழியில் வல்லவராவது வேறு. தம் மொழியின் ஆற்றலை நம்புவது வேறு. இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது. அரிது என்பதற்காக நாம் முயலாமல் இருக்கலாமா?

காந்தியடிகளின் சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940-இல் அதன் திருந்திய பதிப்பு வந்தபோது, அதன் மொழியை வரிவரியாகச் செப்பம் செய்து கொடுத்தவர் சாஸ்திரியாரே. தம் பெயர் வெளிவரக் கூடாது என்று அவர் விரும்பியதால் நூலில் அவர் பெயர் இடம் பெறவில்லை. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் படித்த அந்த ஆங்கிலத்துக்குப் பின்னே வலங்கைமானில் பிறந்த ஒரு பள்ளியாசிரியரின் திருத்துகோல் இருந்தது. தாம் ஏற்காத அரசியலை நடத்தியவரின் நூலுக்கு அவர் செய்த பணி அது. பெயரும் வேண்டாமல், கருத்து வேற்றுமையும் பாராமல், பிழையின்றி இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு செய்த பணி.

1944-இல் சென்னையில் வால்மீகி இராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முப்பது சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதன்பின் உடல் தளர்ந்தது. 1946 சனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள் மருத்துவமனைக்குச் சென்று தம் அண்ணனைக் கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். அவர் வாதாடிய விடுதலை வருவதற்கு இன்னும் பதினாறு மாதங்களே இருந்தன.

நாம் கொள்ள வேண்டியது

நண்பர்களே! இந்த வாழ்க்கையிலிருந்து நாம் என்ன கொள்வது? ஆங்கிலம் எவருக்கும் பிறப்போடு வருவது அன்று. சிற்றூர்ப் பிள்ளையும் உழைத்தால் அதன் உச்சியைத் தொடலாம் என்பது ஒன்று. தேர்வுக்குப் படித்த இலக்கணம் தொடக்கமே. செவியும் நல்ல நூல்களும் நெடிய பழக்கமுமே மொழியைத் தருவன என்பது இரண்டு. மொழி வல்லமை மட்டும் நீதியைப் பெற்றுத் தராது. அதனால் அதை வைத்து ஒருவரை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம் என்பது மூன்று.

நம் விடுதியிலும் ஆய்வுக்கூடத்திலும் தமிழ் வழியில் படித்து வந்த தம்பி தங்கையர் இருக்கிறார்கள். கருத்தரங்கில் விடை தெரிந்தும் வாய் திறக்க அஞ்சி அமர்ந்திருக்கும் அவர்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். சங்கத்தின் வார இறுதிக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்கு ஓர் அறிவியல் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டலாம். அவர் எழுதியதை நகைக்காமல் திருத்திக் கொடுக்கலாம். அதே கட்டுரையின் சாரத்தை நல்ல தமிழில் சொல்லும்படி கேட்கலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும். டர்பனில் பெரிய அளவில் நடந்ததை நாம் இங்கே சிறிய அளவில் செய்து பார்ப்போம்.